போர்டுக்கு அது பத்து நிமிஷம்

ரெண்டு கையும் ஒண்ணாத்தான் அழுத்துச்சா? இடது கட்டைவிரல் போன்ல, வலது ஆள்காட்டி விரல் போர்டு பட்டன்ல. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வாய்விட்டுச் சொல்லித்தான் அழுத்தினேன். போன்ல நேரம் ஓட ஆரம்பிச்சிருச்சு, போர்டுல சிவப்பு விளக்கு எரியுது, ஆனா வலது விரல் ஒரு இழை பிந்திருச்சோன்னு மனசு அரிக்குது. பிந்தினாத்தான் என்ன, பத்து நிமிஷச் சோதனையில அது எந்த மூலைக்கு. சோதனைக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் ஆகும். அப்பாவுக்கும் வலது கைதான் சொன்ன பேச்சு கேக்காமப் போச்சு. சீ, வாயைக் கழுவுடி பூங்கோதை. விளக்கைப் பாரு. போர்டு தன் கணக்குல பத்து நிமிஷம் முடிஞ்சதுன்னு நினைக்கிறப்ப அந்த விளக்கு தானா அணையும். அப்போ போன்லயும் பத்து நிமிஷம் இருந்தா போர்டு ஒழுங்கு, நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கலாம். அதுவரைக்கும் எனக்கு வேலை இல்லை, இந்த டெஸ்டிங் ரூம்ல விளக்கையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருக்கணும், அவ்வளவுதான். எல்லாரும் மாடிக்குச் சாப்பிடப் போயாச்சு, சிரிப்புச் சத்தம் படியிறங்கி வருது. நான் இப்பல்லாம் அவங்களோட உக்கார்றதில்லை. நான் சாம்பார் சாதத்தைப் பிசைஞ்சு முடிக்கிறதுக்குள்ள அவங்க கை கழுவிடுறாங்க, அப்புறம் யாராவது ஒரு புண்ணியவதி மரியாதைக்காக எனக்குத் துணை உக்கார்ந்து போனைத் தள்ளிக்கிட்டே இருப்பா, அந்தக் கண்றாவிக்கு இங்கேயே தனியாச் சாப்பிடலாம். அவங்க வேகமாச் சாப்பிடுறாங்களா, நான் மெதுவாச் சாப்பிடுறேனா? இதை யார்கிட்டப் போய்க் கேக்கிறது? கணபதி ஏரியாவுல ரெண்டு ரூம் வீடு, உள்ளே நான், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு ஃபேன். ஃபேன்கிட்டயா கேக்க முடியும்? அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துக்கிட்டிருக்கா, இல்லையா, அதுதான் எனக்குத் தெரியணும். ரொம்ப நாளா இந்த ஒரே கேள்விதான்.

விளக்கு எரியுது. எரியட்டும். காலையில நாச்சிமுத்து அண்ணன் போன் பண்ணலைன்னா நான் இந்தக் கூத்துல இறங்கியிருக்கவே மாட்டேன். அவர் திருப்பூர்ல பின்னல் மெசின் வச்சிருக்கவர், அந்த மெசினுக்கு மூளை செய்யிறது நாங்க, இந்தா முன்னால கிடக்கிற பச்சைப் போர்டுதான் மூளை. "அம்மிணி, உங்க புது போர்டு போட்ட மெசினு சோம்பேறியா இருக்குதுங்க"ன்னாரு. ஸ்கிரீன்ல வேகம் என்னங்கண்ணா காட்டுதுன்னு கேட்டேன். "அதெல்லாம் சரியாத்தானுங்க காட்டுது. ஆனா பக்கத்துல பழசு ஒண்ணு ஓடுதில்லீங்க, அது துணி ரோலை இறக்கி வெச்சுப்போட்டு அடுத்ததுக்குப் போயிருதுங்க. இது இன்னும் மென்னுக்கிட்டே கெடக்குது. ரெண்டுக்கும் ஒரே நூலு, ஒரே ஆளு. பக்கத்துல பழசு இல்லீன்னா எனக்கே தெரிஞ்சிருக்காதுங்க." எங்க முதலாளி குணசீலன் சார் போனை வாங்கி, அண்ணா அது கண்ணுக்கு அப்படித் தெரியும், எங்க மேடம் எழுதின புரோகிராம் தன்னைத் தானே செக் பண்ணிக்கும், தப்புன்னா அதுவே கத்தும்ன்னு சிரிச்சாரு. தன்னைத் தானே. அந்த வார்த்தையை அவர் கஸ்டமருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்குவாரு, நானும் பக்கத்துல நின்னு அடக்கமாத் தலையைக் குனிஞ்சுக்குவேன். போர்டுல ஒரு சிப்புக்கும் இன்னொரு சிப்புக்கும் நடுவுல சேதி ஓடுற பாதை இருக்கு, எங்க பாஷையில அதுக்குப் பஸ்ன்னு பேரு. அந்தப் பாதை எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு புரோகிராமுக்குத் தெரியாது. எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது, கேட்டாச் சொல்ற ஆளும் உள்ளே கிடையாது. அதனால ஆயிரம் சேதியை அந்தப் பாதையில விரட்டிவிட்டு, எல்லாம் போய்ச் சேர எவ்வளவு நேரமாச்சுன்னு போர்டுல இருக்கிற கடிகாரத்தைப் பார்த்து வகுத்துக்கும். வகுத்து வர்ற வேகம் குறைஞ்சா கத்தும். நான்தான் எழுதினேன், அழகான புரோகிராம், இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவை கூடக் கத்தினதில்லை. ஏன் கத்தலைன்னு இன்னைக்குக் காலையிலதான் உறைச்சுது. போர்டுல வெள்ளி டப்பி மாதிரி ஒண்ணு இருக்கு, அரிசியை விடக் கொஞ்சம் பெருசு, கிரிஸ்டல்ன்னு பேரு. அது துடிக்கிற துடிப்புலதான் பாதையும் ஓடுது, மோட்டாரும் ஓடுது, கடிகாரமும் ஓடுது. புதுசா ஒருத்தர்கிட்ட கிரிஸ்டல் வாங்க ஆரம்பிச்சிருக்கோம். அந்த டப்பி கொஞ்சம் மந்தமா இருந்துச்சுன்னா பாதையும் மந்தம், அதை அளக்கிற கடிகாரமும் அதே அளவுக்கு மந்தம். சுருங்கின துணியை, அதே தண்ணியில நனைஞ்சு சுருங்கின டேப்பால அளந்தா அளவு சரியாத்தானே வரும்? அது எப்படிக் கத்தும், பாவம். டப்பி மேல எழுதியிருக்கிறதைப் படிச்சுப் பார்க்கலாம்ன்னா, மில்லுல பஞ்சுத் தூசி ஒட்டாம இருக்க மேல பூச்சுப் பூசி மொத்தத்தையும் மறைச்சாச்சு. ஆசிலாஸ்கோப்ல பார்க்கலாம்ன்னா அது காலிபரேஷனுக்குப் போயிருக்கு. அளக்கிற மெசின்தான், ஆனா அதையே வருஷா வருஷம் வெளியில அனுப்பி, நீ ஒழுங்கா இருக்கியாடான்னு வேற ஒருத்தர் பார்த்துச் சொல்லணும், சான்றிதழ் தரணும். நல்ல ஏற்பாடு. மனுசிக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருக்கா? இருக்கு, கல்யாணம்ன்னு அம்மா சொல்லியிருப்பா.

அம்மாவை நினைக்கக் கூடாதுன்னு நினைச்சாத்தான் அவ வந்து நிப்பா. அப்பா உறையூர்ல ஈபி லைன் இன்ஸ்பெக்டர், போஸ்ட் போஸ்ட்டா நடந்து நடந்து கால்ல ஒரு வேகம் ஏறிப்போன மனுசன். அவர் நடந்தா அம்மா ஓடணும். வெள்ளிக்கிழமை வெக்காளியம்மன் கோயிலுக்குப் போவாங்க, அப்பாவுக்குச் சாமி கிடையாது, வாசல் வரைக்கும்தான் வருவாரு, அதுக்கும் தெருமுனையில போய் நின்னு கடிகாரத்தைப் பார்ப்பாரு, அம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு மூச்சிரைக்க வந்து சேருவா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான். உங்கப்பா முதுகை மட்டும்தான்டி நான் பார்த்திருக்கேன்னு சிரிப்பா, அதுல பாதி சிரிப்பு பாதி வேற. அப்புறம் ஒருநாள் எனக்குப் போன் பண்ணினா. நான் அப்போ இங்கே வேலைக்கு வந்து ரொம்ப வருஷமாச்சு. "பூங்கோதை, உங்கப்பா இப்பல்லாம் என்னை விட்டுட்டுப் போறதில்லடி, என் கூடவே வர்றாரு." அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு, புதுப்பொண்ணு குரல். பேசிக்கிட்டே வந்தாங்களாம், பூக்காரிகிட்ட நின்னாங்களாம், அந்தப் பூக்காரி என்னங்கம்மா ஜோடியா கிளம்பிட்டீங்கன்னு கேலி பண்ணாளாம். வயசான காலத்துலயாவது இந்த மனுசனுக்குப் பொண்டாட்டி மேல பாசம் வந்துச்சேன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போனா. அப்பாவைக் கேட்டா, அவர் வேற கதை சொன்னாரு. "உங்கம்மாவுக்கு என்னாச்சு, கால்ல சக்கரம் கட்டியிருக்காளா? இந்த வயசுல எம்புட்டு வேகமா நடக்கிறா!" மெய்யாத்தான் சொன்னாரு. அவருக்குத் தான் எப்பவும் போல நடக்கிறதாத்தான் இருந்துச்சு, ஊரு உலகம்தான் வேகமாயிருச்சு. ரெண்டு பேருமே சந்தோஷமா இருந்தாங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை. அப்புறம் அம்மா திரும்பிப் பார்த்தா அப்பா பின்னால வந்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் வலது கை ஆடாம தொடையோட ஒட்டிக்கிச்சு. அப்புறம் வாசப்படியைத் தாண்ட முடியாம கால் தரையில ஒட்டி நின்னாரு. ஆஸ்பத்திரியில நரம்பு டாக்டர் அம்மாவைத்தான் கேட்டாரு, அப்பாவை இல்லை. எப்பலேர்ந்து இவர் மெதுவா நடக்க ஆரம்பிச்சாரும்மா? அம்மாவுக்கு ஞாபகம் இல்லைங்கன்னு நான்தான் நடுவுல பூந்து சொன்னேன். அவளுக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. அவ சந்தோஷப்பட்ட நாள்தான் அது. அழுதா பாருங்க, ஐயோ, அப்பா செத்தப்பக் கூட அவ அப்படி அழலை.

விளக்கு எரியுது, போன் பாதி தாண்டியாச்சு. கண்ணு சிமிட்டினேனா? அப்பா சிமிட்டுறது குறைஞ்சு போச்சு, முறைச்சுப் பார்க்கிற மாதிரி இருக்கும். நான் சிமிட்டுறதை எண்ணினா அதிகமாச் சிமிட்டுறேன், எண்ணலைன்னா தெரிய மாட்டேங்குது. சனியன், எந்தச் சோதனையை எடுத்தாலும் பரீட்சை எழுதுறவளும் நான், திருத்துறவளும் நான். கணபதி சிக்னல்ல ரோடு தாண்டுறதுக்குள்ள பச்சை விழுந்துடுது, நேரத்தைக் குறைச்சுட்டாங்கன்னு நினைச்சேன். லிப்ட் கதவு தோள்ல இடிக்குது, ரிப்பேர்ன்னு கம்ப்ளெய்ண்ட் பண்ணினேன், ஆள் வந்து பார்த்துட்டு நல்லாத்தான் மேடம் இருக்குன்னு போயிட்டான். ஆபீஸ்ல புதுசா வந்த பொண்ணுங்க என்ன வேகத்துல பேசுதுங்க, பட்டாசு வெடிக்கிற மாதிரி, ஒரு வார்த்தைக்கு நான் பதில் யோசிக்கிறதுக்குள்ள மூணு வார்த்தை தாண்டிடுதுங்க. உங்கம்மா கால்ல சக்கரம் கட்டியிருக்காளான்னு அப்பா கேட்ட குரல் அப்போ என் வாயிலேர்ந்தே வர்ற மாதிரி இருக்கும், பகீர்ன்னு இருக்கும். டாக்டர்கிட்டப் போகலாமே, கழுதை, படிச்சவதானே. போகலாம். போனா எப்பலேர்ந்துன்னு கேப்பாரு. பக்கத்து நாற்காலியைப் பார்த்துத்தான் கேப்பாரு, அங்கே யார் இருக்கா, என் ஹேண்ட்பேக்தான் இருக்கும். அழுறதுக்காவது அப்பாவுக்கு அம்மா இருந்தா. எனக்குப் பக்கத்துல ஓடினது ஒண்ணே ஒண்ணு, ரெஜினா. காலேஜ் ஹாஸ்டல்லேர்ந்து சிநேகிதம், இதே ஊர்ல ராமநாதபுரம் ஏரியாவுல ஸ்கூல் டீச்சர். எத்தனை வருஷம், விடிஞ்சதும் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில ரெண்டு சுத்து, அவ புருஷனைத் திட்டுறது ஒரு சுத்து, என் முதலாளியைத் திட்டுறது ஒரு சுத்து, அப்புறம் காபி. கடைசியில அவளுக்கும் என்ன அவசரமோ, விறுவிறுன்னு போக ஆரம்பிச்சா. ஏண்டி, அடுப்புல பால் வச்சிட்டு வந்தியான்னு தினமும் பின்னாலேர்ந்து கத்துவேன். திரும்பிப் பார்த்து நிப்பா. அப்புறம் ஒருநாள் போன்ல, பூங்கு, எனக்கு முட்டி வலிடி, இனிமே நடக்க முடியும்ன்னு தோணலை, நீ போயிட்டு வான்னுட்டா. நான் போகலை. தனியா எவ நடப்பா. சரி முட்டி வலிக்குது, வந்து ஒரு காபி குடிக்கக் கூடவா வலிக்கும்? கிறிஸ்மஸ் கேக்கை ஆட்டோ டிரைவர்கிட்டக் கொடுத்துவிட்டா. எனக்கு வைராக்கியம், நானும் கூப்பிடலை. வேணாம்ன்னா போ, உன்னை விட்டா எனக்கு ஆளில்லையா. இல்லைதான். அதை அவகிட்டச் சொல்லுவேனாக்கும்.

பத்து நிமிஷம். போன்ல பத்து வந்துருச்சு. விளக்கு எரியுது. எரியுதுதானே? ஆமா, எரியுது. அணையலை. பட்டனைச் சரியா அழுத்தலையோ, என் விரல்தான் பிந்திருச்சோ, இவ்வளவு நேரமா பிந்தும், இது ஒரு இழை இல்லையே, போன் ஓடிக்கிட்டே இருக்கு, சிவப்பு அசையாம நிக்குது, அணைஞ்சு தொலையேன், வேணாம் அணையாதே, நாச்சிமுத்து அண்ணா நீங்க சொன்னது சரிங்கண்ணா, என் விரல் இல்லை, என் விரல் இல்லவே இல்லை. இருபத்தஞ்சு நொடி கழிச்சு அணைஞ்சது. ஸ்கிரீன்ல போர்டு எழுதுது, பத்து நிமிஷம் முடிந்தது, பஸ் வேகம் சரி. துளி சந்தேகம் கிடையாது அதுக்கு. அதைப் பார்த்து எனக்குக் கோவம் வரலை, கண்ணுலேர்ந்து தண்ணி வருது, என்ன பைத்தியக்காரத்தனம், ஒரு போர்டுக்காக. குணசீலன் சார் கை கழுவின ஈரத்தோட எட்டிப் பார்த்தாரு. "என்ன மேடம், நம்ம ஸ்கிரீன் ஜெயிச்சுதா, நாச்சிமுத்து ஜெயிச்சாரா?" நாச்சிமுத்து அண்ணன்தான் சார், கிரிஸ்டல் தப்பு, எல்லாப் புதுப் போர்டையும் நிறுத்துங்கன்னேன். "அப்ப நம்ம ஸ்கிரீன் பொய் சொல்லுதா?" பொய் இல்லை சார், அதுக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லுது, உள்ளேர்ந்து பார்த்தா எல்லாம் சரியாத்தான் தெரியும், வெளியிலேர்ந்து ஒரு கடிகாரம் பார்த்துச் சொல்லணும். "அது எப்படி மேடம் நீங்க எழுதினதுக்கே..."ன்னு ஆரம்பிச்சவர் என் முகத்தைப் பார்த்துட்டு, நீங்க முதல்ல சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுத் திருப்பூருக்குப் போன் போட வெளியே போயிட்டாரு. நல்ல மனுசன். சாப்பாட்டு டப்பா திறக்காம இருக்கு. போன் என் கையில இருக்கு, அதுல இன்னும் நேரம் ஓடிக்கிட்டே இருக்கு, நிறுத்த மறந்துட்டேன். வெளியிலேர்ந்து ஒரு கடிகாரம். வாய் கிழியச் சொன்னேன்ல சார்கிட்ட. வைராக்கியமாவது மண்ணாவது. நேரத்தை நிறுத்திட்டு ரெஜினா நம்பரை எடுத்தேன். மதியம்தான், ஸ்கூல்லயும் சாப்பாட்டு நேரம், எடுப்பா. எடுக்கலைன்னா நல்லதுன்னும் இருந்துச்சு.

"பூங்கு! அடிப்பாவி, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" பின்னால புள்ளைங்க கூச்சல். அவ குரலைக் கேட்டதும் எதுல ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, மரியாதைக்குக் கேக்கிற மாதிரி, உன் முட்டி எப்படிடி இருக்குன்னு கேட்டேன்.

"முட்டியா? முட்டிக்கென்ன கேடு, கல்லு மாதிரி இருக்கு. போன மாசம் ஸ்கூல் புள்ளைங்களை மருதமலைக்குக் கூட்டிட்டுப் போய், படி முழுக்க ஏறி..." சொல்லிக்கிட்டே வந்தவ நின்னுட்டா. கதவைச் சாத்துற சத்தம் கேட்டுச்சு, புள்ளைங்க கூச்சல் அடங்குச்சு.

"ரெஜி."

"ம்."

"உனக்கு முட்டி வலியே இல்லையா?"

"பூங்கு, நான் வந்து..."

"நான் எப்பலேர்ந்துடி மெதுவா நடக்கிறேன்?"

அவ அழுறது தெரிஞ்சுது. என் கையில போன் ஆடுச்சா, ஆடலையா, நான் பார்க்கலை. "நான் என்னைக்குமே ஒரே நடைதான்டி நடந்தேன்"னா. "அடுப்புல பால் வச்சிட்டு வந்தியான்னு நீ பின்னாலேர்ந்து கத்துவ. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளியிருந்து கத்துவ. எங்க அப்பா மாதிரி ஆயிடுவேனோன்னு நீ எத்தனை தடவை என்கிட்டச் சொல்லியிருக்க, நான் எந்த வாயால சொல்லுவேன்? உன்னைப் பார்த்தா வாயில வந்துரும், அதான் வீட்டுக்குக் கூட வரலை. தப்புதான். என்னைத் திட்டு, நல்லாத் திட்டு."

திட்டத்தான் நினைச்சேன். ஒரு வருஷமா சேர்த்து வச்ச திட்டு இருந்துச்சு. ஆனா முதல்ல வந்தது மூச்சு, ரொம்ப நாளா அடைச்சிருந்தது திறந்துக்கிட்ட மாதிரி. வந்துருச்சு, அப்போ வந்துருச்சுதான். பயந்தது நடந்துருச்சு, ஆனா அதைச் சொல்ல ஒருத்தி பக்கத்துல இருந்திருக்கா.

"டாக்டர்கிட்டப் போகணும் ரெஜி. எப்பலேர்ந்துன்னு கேப்பாரு."

"நான் வர்றேன். அந்தப் பதிலை நான் சொல்றேன். நாளைக்கே போலாம், லீவு போடுறேன்."

"போறதுக்கு முன்னால காலையில ரேஸ்கோர்ஸுக்கு வா."

"வர்றேன்டி. மெதுவா, ரெண்டு பேரும் சேர்ந்து..."

"மெதுவா வேணாம்"னேன். என் குரல் எனக்கே அதட்டலாக் கேட்டுச்சு. "எனக்காக மெதுவா நடந்தியோ கொன்னுடுவேன். நீ உன் நடையிலயே நட. நான் எவ்வளவு தூரம் பின்னால வர்றேன்னு எனக்குத் தெரியணும்."

அவ மூக்கை உறிஞ்சினா. "அப்புறம்?"

"அப்புறம் நின்னு திரும்பிப் பாரு."